ஆரோக்கியமா சாப்பிட வைக்க கேம்பெயின் பண்றீங்களா? வீடியோவ அப்புறம் எடுங்க

நீங்க கேட்டது இதுதான். மக்கள கொஞ்சம் நல்ல விதமா சாப்பிட வைக்க ஒரு கேம்பெயின் பண்ணப் போறீங்க, டீம்ல ஒருத்தர் சோஷியல் மார்க்கெட்டிங் ரிசர்ச் பண்ணாம ஆரம்பிக்கவே கூடாதுங்கறார், இன்னொருத்தர் அந்தக் காசுல நாலு சூப்பர் வீடியோ எடுத்துடலாம்ங்கறார், இதுல யார் சொல்றது சரி, ரிசர்ச்னா உண்மைல என்ன பண்ணணும், கையில காசு கம்மியா இருந்தா எங்கேர்ந்து ஆரம்பிக்கறது.

ரெண்டாவது ஆள் பேச்ச கேட்டா நாலு சூப்பர் வீடியோ கெடைக்கும். அது மட்டும்தான் கெடைக்கும். நானே ஒரு காலத்துல அந்த ரெண்டாவது ஆளா இருந்தவன்தான். பல வருஷம் முன்னாடி ஒரு போஸ்டர் செட் பண்ணோம், பாத்தவங்க எல்லாம் பிரமாதம்னாங்க, ஒரு கேன்டீன் சுவத்துல ஒட்டினோம், அந்த போஸ்டருக்குக் கீழயே உக்காந்து எல்லாரும் எப்பவும் சாப்பிடறதயே சாப்பிட்டாங்க. போஸ்டர்ல நாங்க சாப்பிடச் சொன்ன ஐட்டம் பாதிப் பேர் வர்றதுக்குள்ளயே தீந்துபோயிடும்ங்கறது எங்களுக்கு மூணு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சுது. ஒரே ஒரு நாள் மதியம் அங்க போய் நின்னிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். சட்டில இருந்தாத்தானே அகப்பைல வரும்.

சரி, முதல்ல ஒரு குழப்பத்த தீத்துடறேன், ஏன்னா முக்கால்வாசி பேர் இதுலதான் வழுக்கி விழறாங்க. சோஷியல் மார்க்கெட்டிங் வேற, சோஷியல் மீடியா மார்க்கெட்டிங் வேற. ஃபேஸ்புக்கு, இன்ஸ்டாவுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே இந்தப் பேர் வந்துடுச்சு. 1950கள் ஆரம்பத்துலயே வீப்னு ஒரு ஆராய்ச்சியாளர், சோப்ப விக்கற மாதிரி சகோதரத்துவத்த ஏன் விக்க முடியலன்னு ஒரு கேள்வி கேட்டார். 1971ல ஃபிலிப் கோட்லர், ஜெரால்ட் சால்ட்மன்னு ரெண்டு மார்க்கெட்டிங் பேராசிரியர்கள் ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங்ல எழுதின கட்டுரைலதான் சோஷியல் மார்க்கெட்டிங்ங்கற பேர் நிலைச்சுது. விஷயம் இவ்வளவுதான்: சோப்பு கம்பெனி வாடிக்கையாளர எப்படி படிக்குதோ, பிரிக்குதோ, அவனுக்கு ஏத்த மாதிரி பொருள், விலை, கிடைக்கிற இடம், விளம்பரம்னு எல்லாத்தயும் எப்படி அமைக்குதோ, அதே வேலைய பொது நன்மைக்காக செய்யறது. லாபம் கம்பெனிக்குப் போகாம அந்த மனுஷனுக்கே போகணும், ஒரே வித்தியாசம் அதுதான்.

இதுல ஆலன் ஆண்ட்ரியாசன்னு ஒருத்தர் இருக்கார், எது சோஷியல் மார்க்கெட்டிங், எது சும்மா பேர மட்டும் ஒட்டிக்கிட்டதுன்னு பிரிச்சுப் பாக்க ஆறு அளவுகோல் கொடுத்தார். நடத்தை மாறணும்ங்கறது குறிக்கோளா இருக்கணும், மக்கள பத்தி ரிசர்ச் இருக்கணும், எல்லாரையும் ஒரே கூட்டமா பாக்காம பிரிக்கணும், அவங்களுக்கு ஏதாவது திருப்பிக் கெடைக்கணும், விளம்பரம் மட்டும் இல்லாம பொருள் விலை இடம் எல்லாத்தயும் தொடணும், போட்டி என்னன்னு தெரிஞ்சிருக்கணும். உங்க பிளான எடுத்து இந்த ஆறோட பொருத்திப் பாருங்க. வீடியோ மட்டும்னா ஒண்ணு கூட தேறாது, பொருத்திப் பாத்துட்டு கோவிச்சுக்காதீங்க.

இப்ப ஏன் விழிப்புணர்வு மட்டும் போதாதுன்னு ஒரு உதாரணம். அமெரிக்கால ஒரு நாளைக்கு 5 பங்கு (பங்குன்னா ஒரு தடவை பரிமாறற அளவு) பழம் காய்கறி சாப்பிடுங்கன்னு ஒரு பெரிய கேம்பெயின், 1988ல கலிஃபோர்னியால ஆரம்பிச்சு 1991ல நாடு முழுக்கப் போச்சு, நேஷனல் கேன்சர் இன்ஸ்டிட்யூட்டும் பழம் காய்கறி வியாபாரிகளும் சேர்ந்து நடத்தினது. 5 பங்கு சாப்பிடணும்னு தெரிஞ்சவங்க எண்ணிக்கை 1991லேர்ந்து 1997க்குள்ள ரெண்டு மடங்குக்கு மேல ஏறுச்சு. சாப்பிட்ட அளவு? கிட்டத்தட்ட இருந்த இடத்துலயே இருந்துச்சு. நம்ம ஆளுங்க அழகா சொல்லி வெச்சிருக்காங்க, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு. காய்கறி நல்லதுன்னு தெரியாத மனுஷன நான் இன்னும் பாக்கல. தெரிஞ்சும் ஏன் சாப்பிடலங்கறதுதான் கேள்வி, அந்தக் கேள்விக்கு விடை ஆஃபீஸ்ல உக்காந்து யோசிச்சா வராது.

இதுக்கு நேர் எதிர் கதை ஒண்ணு சொல்றேன், இந்தத் துறைல எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1990கள் நடுவுல, அமெரிக்கால மேற்கு வர்ஜீனியா மாநிலத்துல கிளார்க்ஸ்பர்க், பிரிட்ஜ்போர்ட்னு பக்கத்துல பக்கத்துல இருக்கற ரெண்டு சின்ன ஊர். கெட்ட கொழுப்பு, அதாவது சாச்சுரேட்டட் ஃபேட், கம்மியா சாப்பிட வைக்கணும், அதுதான் நோக்கம். நீங்களும் நானும்னா என்ன பண்ணுவோம், கொழுப்பக் குறையுங்கள்னு பேனர் அடிப்போம். அவங்க அப்படி பண்ணல. எந்த ஒரு சாமான் வழியா அந்தக் கொழுப்பு நிறைய உள்ள போகுதுன்னு தேடினாங்க, பால்னு வந்துச்சு, அதுவும் குழந்தைங்களுக்கு அதுதான் பெரிய வழி. அடுத்து அந்தப் பால்ல எந்த இடத்துல கை வெச்சா மாறும்னு பாத்தாங்க. குடிக்கறது ஒரு நாளைக்குப் பல தடவை, பல பேர், பல நேரம். ஆனா வாங்கறது வீட்டுக்கு ஒரு ஆள், கடைல ஒரு நிமிஷம். வீட்டு ஃப்ரிட்ஜ்ல எது இருக்கோ அதத்தான் எல்லாரும் குடிக்கப் போறாங்க. அதனால கேம்பெயின் மொத்தமும் ஒரே ஒரு விஷயத்த சொல்லுச்சு, அடுத்த தடவை கடைக்குப் போறப்ப முழுக்கொழுப்பு பாலுக்கு பதிலா 1 சதவீதம் இல்லன்னா அதுக்கும் கம்மியா கொழுப்பு இருக்கற பால எடுங்க. ஒரு கிளாஸ் முழுக்கொழுப்பு பால்ல எவ்வளவு கெட்ட கொழுப்பு இருக்குன்னு சொல்ல, பேக்கன்ங்கற மெல்லிசான பன்றி இறைச்சித் துண்டு 5 சாப்பிட்டதுக்கு சமம்னு காட்டினாங்க, அந்த ஊர் ஜனங்களுக்கு அது கெட்டதுன்னு ஏற்கனவே தெரியும், புதுசா எந்தப் பாடமும் எடுக்க வேண்டியதில்ல.

ரிசல்ட்ட எப்படி அளந்தாங்கங்கறத கவனிங்க. போன்ல சர்வேயும் பண்ணாங்க, ஆனா அதோட விடாம சூப்பர்மார்க்கெட்ல என்ன வித்துச்சுன்னு சேல்ஸ் டேட்டாவ வாங்கினாங்க. மொத்த பால் விற்பனைல கொழுப்பு கம்மியான பாலோட பங்கு 18 சதவீதத்துலேர்ந்து கேம்பெயின் முடிஞ்ச அடுத்த மாசம் 41 சதவீதம் ஆச்சு, ஆறு மாசம் கழிச்சுப் பாத்தப்பவும் அந்த ஏத்தம் போயிடல. அதே மாநிலத்துல வீலிங்ங்கற ஊர்ல திரும்ப செஞ்சு பாத்தாங்க, 29லேர்ந்து 46 சதவீதம் ஆச்சு, கேம்பெயின் நடக்காத இன்னொரு ஊர ஒப்பிடறதுக்கு வெச்சிருந்தாங்க, அங்க மாறினவங்க ரொம்ப சொற்பம். விளம்பரத்துல ஒரு புதுமையும் கெடையாது. எந்த நடத்தைய மாத்தறதுன்னு தேர்ந்தெடுத்தாங்க பாருங்க, அங்கயே பாதி வேலை முடிஞ்சுடுச்சு.

ஆக ரிசர்ச்சோட முதல் வேலை என்ன சொல்றதுன்னு கண்டுபிடிக்கறது இல்ல, எத மாத்தச் சொல்றதுன்னு கண்டுபிடிக்கறது. ஆரோக்கியமா சாப்பிடுங்கள்ங்கறது ஒரு நடத்தையே கெடையாது, அத யாராலயும் செய்ய முடியாது. எப்ப, எங்க, யார், எத எடுத்து, எதுக்கு பதிலான்னு ஒரே மூச்சுல சொல்ல முடியணும், சொல்ல முடியலன்னா இன்னும் ரிசர்ச் முடியலன்னு அர்த்தம்.

அடுத்து யார். பொதுமக்கள்னு யாரும் கெடையாது, இந்த வார்த்தைய உங்க பிளான்லேர்ந்து அடிச்சுடுங்க. இங்கிலாந்துல 2009 ஜனவரில சேஞ்ச் ஃபார் லைஃப்னு ஒரு அரசு கேம்பெயின் ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி சின்னப் பிள்ளைங்க இருக்கற குடும்பங்கள வயசு வருமானத்த மட்டும் வெச்சுப் பிரிக்காம அவங்க சாப்பாட்டப் பத்தி என்ன நெனைக்கறாங்க, உண்மைல என்ன பண்றாங்கங்கறத வெச்சு ஆறு குழுவா பிரிச்சாங்க, அதுல ஆபத்து அதிகமா இருக்கற மூணு குழுவ முதல்ல பிடிச்சாங்க. அந்த ரிசர்ச்ல ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்துச்சு, உடல் பருமன் பெரிய பிரச்சினைதான்னு பெத்தவங்க ஒத்துக்கறாங்க, ஆனா அது அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு, நம்ம பிள்ளைக்கு இல்லன்னு நெனைக்கறாங்க. அதனால பருமன்ங்கற வார்த்தையையே முன்னாடி வெக்காம, குண்டான பிள்ளைங்க படத்த போடாம, களிமண் பொம்மை அனிமேஷன வெச்சு விளம்பரம் பண்ணாங்க. யாருக்கும் இது என்னைத் திட்டற விளம்பரம்னு தோணக்கூடாதுங்கறது கணக்கு. ரொம்ப புத்திசாலித்தனமான வேலை.

ஆனா முழுசா சொல்லணும்ல, அந்தக் கேம்பெயின்ல குடும்பங்களுக்கு அனுப்பின கேள்வித்தாள், தகவல் புத்தகத்தயெல்லாம் பின்னாடி ஒரு முறையான சோதனைல வெச்சுப் பாத்தாங்க, சில குடும்பங்களுக்கு கொடுத்து சிலருக்கு கொடுக்காம ஒப்பிட்டாங்க. கேம்பெயின பத்தி தெரிஞ்சவங்க அதிகமானாங்க, மனசுலயும் பழக்கத்துலயும் பெருசா ஒண்ணும் மாறல. நல்ல ரிசர்ச் பண்ணா ஜெயிச்சுடலாம்னு நான் சத்தியம் பண்ணித் தரல. ரிசர்ச் சரியான பூட்ட காட்டும், சாவிய நீங்கதான் செய்யணும், அது பேப்பர்ல செஞ்ச சாவியா இருந்தா திறக்காது.

இப்ப எப்படி கேக்கறதுங்கறதுக்கு வருவோம், இதுலதான் நிறைய பேர் காச தொலைக்கறாங்க. சாப்பாட்ட பத்தி மக்கள கேட்டா உண்மை வராது. வேணும்னே பொய் சொல்றாங்கன்னு இல்ல, பாதி மறந்துடும், மீதிய கொஞ்சம் அழகு படுத்தி சொல்லுவாங்க, கேக்கற ஆள் டாக்டர் மாதிரி இருந்தா இன்னும் அழகு படுத்துவாங்க. இதுக்கு அறிவியல்ல உறுதியான ஆதாரமே இருக்கு. ஹைட்ரஜன், ஆக்சிஜனோட கனமான ஐசோடோப்புகள் கலந்த தண்ணிய குடிக்க வெச்சு, ஒண்ணு ரெண்டு வாரம் சிறுநீர சோதிச்சா உடம்பு எவ்வளவு கலோரி செலவு பண்ணுதுன்னு தெரிஞ்சுடும். எடை மாறாம இருக்கற ஆள் அவ்வளவு கலோரி உள்ள தள்ளியிருக்கணும் இல்லியா. அத அவங்க வாயால சொன்ன கணக்கோட ஒப்பிட்டுப் பாத்தா, சொன்னது பெரும்பாலும் கம்மியாத்தான் இருக்கு, அதுலயும் எடை அதிகமா இருக்கறவங்க இன்னும் கம்மியா சொல்றாங்க. அதனால நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு சர்வே எடுத்து அந்த நம்பர வெச்சுக்கிட்டு ஜெயிச்சோம்னு சொல்றவங்கள நான் நம்பறதே இல்ல.

பின்ன என்ன பண்றது? போய் பாருங்க. சமையல் நடக்கற இடத்துல, வாங்கற இடத்துல, மிச்சம் கொட்டற இடத்துல நில்லுங்க. குப்பைத் தொட்டி பொய் சொல்லாது. பில் இருந்தா பில்ல வாங்கிப் பாருங்க. ஃபோகஸ் குரூப், அதாவது சின்னக் குழுவா உக்கார வெச்சுப் பேச விடறது, வெச்சா ஆறுலேர்ந்து பத்து பேருக்குள்ள வைங்க, ஆனா அத எண்ணிக்கை எடுக்கறதுக்கு பயன்படுத்தாதீங்க, நாலு பேர் நடுவுல ஒருத்தர் நான் தினமும் பழம் சாப்பிடறேன்னு ஆரம்பிச்சா மீதி எல்லாரும் அதயே சொல்லுவாங்க. அவங்க எந்த வார்த்தைய பயன்படுத்தறாங்க, எதக் கேட்டா சிரிக்கறாங்க, எதக் கேட்டா கோவப்படறாங்க, இது தெரிஞ்சுக்கத்தான் ஃபோகஸ் குரூப். நாங்க டயட்டுன்னு ஒரு வார்த்தைய சொன்ன உடனே ஒரு அறையே அமைதியாகிப் போனத பாத்திருக்கேன்.

காசு கம்மியா இருக்கறவங்களுக்கு நான் எப்பவும் சொல்ற முறை ஒண்ணு இருக்கு, செய்யறவங்களயும் செய்யாதவங்களயும் ஒப்பிடறது. ஒரே மாதிரி வருமானம், ஒரே மாதிரி குடும்பம், ஒரே மாதிரி வேலை. அதுல நீங்க விரும்பற பழக்கம் ஏற்கனவே இருக்கறவங்க 45 பேர், இல்லாதவங்க 45 பேர், வழக்கமா இந்த அளவு போதும்ங்கறாங்க. ரெண்டு பேர்கிட்டயும் ஒரே கேள்விங்க: இத செய்யறத எது சுலபமாக்குது, எது கஷ்டமாக்குது, செஞ்சா என்ன நல்லது, என்ன கெட்டது, யார் பாராட்டுவாங்க, யார் முகம் சுளிப்பாங்க, ஞாபகம் வெச்சுக்கறது எவ்வளவு கஷ்டம். அப்புறம் ரெண்டு பக்க பதிலயும் பக்கத்துல பக்கத்துல வைங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னது எதுவோ அத தூக்கிப் போடுங்க, அது காரணமே இல்ல. உதாரணத்துக்கு காய்கறி விலை அதிகம்னு ரெண்டு பேருமே சமமா சொன்னாங்கன்னு வைங்க, விலை இருந்தும் ஒரு கூட்டம் வாங்குதே, அப்ப அதுதான் தடைன்னு எடுத்துக்க முடியாது. ஆனா செய்யாதவங்க மட்டும் வீட்ல யாரும் தொட மாட்டாங்க, வீணாப் போகும்னு சொன்னாங்கன்னா, ஆஹா, அங்க இருக்கு விஷயம். உங்க கேம்பெயின் இனிமே சத்த பத்தி பேசக்கூடாது, வீணாகாம இருக்கறத பத்தி பேசணும். இந்த ஒரு திருப்பத்துக்காகவே அந்த 90 பேர்கிட்ட பேசறது லாபம்.

கிடைச்ச தடைங்கள எப்படி பிரிக்கறதுன்னா, மூணு கூடை வைங்க. செய்யத் தெரியல, முடியலங்கறது ஒரு கூடை. சுத்தி இருக்கற சூழ்நிலை விடலங்கறது ரெண்டாவது. மனசு இல்லங்கறது மூணாவது. 2011ல சூசன் மிக்கியும் அவங்க கூட வேலை பாத்தவங்களும் கொடுத்த ஒரு மாடல் இது, ஆங்கில எழுத்துல காம்-பின்னு சுருக்கமா சொல்லுவாங்க. விளம்பரம் மூணாவது கூடைய மட்டும்தான் தொடும், அதுவும் அரைகுறையா. உங்க தடைல பாதிக்கு மேல ரெண்டாவது கூடைல விழுந்துச்சுன்னா வீடியோ பட்ஜெட்ட அப்படியே எடுத்து சூழ்நிலைய மாத்தறதுல போடுங்க.

அப்புறம் சாப்பாட்டுக்குன்னே இன்னொரு முறை இருக்கு, முயற்சி பண்ணிப் பாக்கச் சொல்றது. மேனாஃப் குரூப்னு ஒரு அமைப்பு வளர்த்தெடுத்தது, குழந்தைங்க ஊட்டச்சத்துத் திட்டங்கள்ல பல நாடுகள்ல நிறைய பயன்பட்டுது. முதல் தடவை வீட்டுக்குப் போறப்ப இப்ப என்ன கொடுக்கறீங்கன்னு கேட்டுக்கறது. ரெண்டாவது தடவை போய், இதுல எத உங்களால மாத்த முடியும்னு மூணு நாலு யோசனைய முன்னாடி வெச்சு பேரம் பேசறது, அம்மாவே ஒண்ண தேர்ந்தெடுப்பாங்க. சில நாள் கழிச்சு மூணாவது தடவை போய், செஞ்சீங்களா, பிள்ளை சாப்பிட்டுச்சா, நீங்களா என்ன மாத்தினீங்கன்னு கேக்கறது. நாம ஆஃபீஸ்ல உருவாக்கின பத்து அறிவுரைல ஏழு இங்கயே செத்துடும். மிச்சம் மூணும் அவங்க வாயிலேர்ந்து வந்த வார்த்தையோட, அவங்க பண்ணின திருத்தத்தோட உங்க கைக்கு வரும். எனக்குத் தெரிஞ்சு சாப்பாட்டு விஷயத்துல இத விட நேர்மையான ரிசர்ச் இல்ல, ஏன்னா கருத்து கேக்காம செஞ்சு காட்டச் சொல்லுது.

திருப்பிக் கெடைக்கணும்னு ஆறுல ஒண்ணா சொன்னேன்ல, அதுக்கு வரேன். ஒருத்தர் தனக்குப் பிடிச்சத விடறார்னா ருசிய விடறார், வசதிய விடறார், சில சமயம் வீட்ல சண்டை போடாத அமைதியவே விடறார். பதிலுக்கு நீங்க என்ன தர்றீங்க? இருபது வருஷம் கழிச்சு வரக்கூடிய ஒரு நோய் வராம போகலாம்ங்கறீங்க. யார் ஒத்துக்குவா? பக்கத்துலயே போட்டிக்காரன் இப்பவே ருசி, இப்பவே சந்தோஷம்னு தர்றான். அதனால உங்க பக்கத்துலயும் இன்னிக்கே கெடைக்கற மாதிரி ஏதாவது இருக்கணும், ருசி, நேரம் மிச்சம், காசு மிச்சம், பிள்ளை முரண்டு பிடிக்காம சாப்பிடறது, ஏதோ ஒண்ணு.

ருசின்னதும் ஞாபகம் வருது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக கேன்டீன்ல ஒரு சோதனை, 2017ல வெளியாச்சு. காய்கறி அதேதான், சமையல் அதேதான், மேல வைக்கற பேர் அட்டைய மட்டும் நாளுக்கு நாள் மாத்தினாங்க. ஒரு நாள் சாதாரண பேர், ஒரு நாள் கொழுப்பு கம்மி, சர்க்கரை கம்மின்னு கட்டுப்படுத்தற மாதிரி பேர், ஒரு நாள் சத்து நிறைஞ்சதுன்னு பேர், ஒரு நாள் நாக்குல எச்சில் ஊற மாதிரி பேர். 46 நாள், கிட்டத்தட்ட 28 ஆயிரம் சாப்பாடு. எச்சில் ஊற பேர் வெச்ச நாள்ல காய்கறி எடுத்தவங்க, சாதாரண பேர் வெச்ச நாள விட 25 சதவீதம் அதிகம், கொழுப்பு கம்மின்னு எழுதின நாள விட 41 சதவீதம் அதிகம், சத்து நிறைஞ்சதுன்னு எழுதின நாள விடவே 35 சதவீதம் அதிகம். பின்னாடி அஞ்சு இடங்கள்ல திரும்பப் பண்ணப்பவும் அதே பக்கம்தான் சாய்ஞ்சுது, அங்க சமையல் உண்மையாவே ருசியா இருந்தாத்தான் இந்தப் பேர் வேலை செய்யுதுன்னும் தெரிஞ்சுது. ஆரோக்கியம்ங்கற வார்த்தை நமக்கு சிபாரிசு மாதிரி இருக்கு, சாப்பிடறவனுக்கு அது எச்சரிக்கை பலகை. ஆரோக்கியமானதுன்னு சொன்னாலே ருசி இருக்காதுன்னு மனசு முடிவு கட்டிடுது.

குழந்தைங்க விஷயம் தனி. அவங்களுக்கு காரணம் சொல்லி பிரயோஜனம் இல்ல, நாக்கு பழகணும், ஒரு புது காய பிடிச்சுப்போக பத்து பதினஞ்சு தடவை கூட ருசி பாக்க வேண்டி வரலாம், பெத்தவங்க பெரும்பாலும் மூணு நாலு தடவையிலயே கைய விட்டுடறாங்க. வேல்ஸ்ல பேங்கர் பல்கலைக்கழகத்துல உருவான ஃபுட் டூட்ஸ்ங்கற திட்டம் இதத்தான் பிடிச்சுது, வீடியோல ஹீரோ பிள்ளைங்க, ருசி பாத்தா சின்னப் பரிசு, திரும்பத் திரும்ப வாய்ப்பு. அயர்லாந்துல பள்ளிகள்ல பெரிய அளவுல போச்சு. ஆனா இங்கிலாந்துல மேற்கு மிட்லாண்ட்ஸ் பள்ளிகள்ல பாத்தப்ப, மூணு மாசத்துல பள்ளிச் சாப்பாட்டுல ஏறின அளவு 12 மாசத்துல நிக்கல. பரிசு போச்சுன்னா பழக்கமும் போகுமாங்கறத உங்க பிளான்ல முதல் நாளே யோசிச்சுடுங்க.

இப்ப ஒரு கசப்பான விஷயம், உங்க ஸ்பான்சர் முன்னாடி இத சத்தமா சொல்ல முடியுமான்னு தெரியல. சில நேரம் ரிசர்ச் முடிவு என்ன சொல்லும்னா, மாத்த வேண்டியது மக்கள இல்ல, விக்கறவங்கள, சட்டம் போடறவங்கள. இங்கிலாந்துல உப்பு கதை அப்படித்தான். அங்க ஒருத்தர் சாப்பிடற உப்புல சுமார் முக்கால் பங்கு ஏற்கனவே தயாரான உணவுலேர்ந்து வருது, அப்படி இருக்கறப்ப உப்ப கம்மியா போடுங்கன்னு வீட்ல சமைக்கறவங்ககிட்ட சொல்லி எவ்வளவு தூரம் போக முடியும்? அதனால 2004லேர்ந்து ஃபுட் ஸ்டாண்டர்ட்ஸ் ஏஜென்சிங்கற அரசு உணவு அமைப்பு விளம்பரமும் பண்ணுச்சு, கூடவே கம்பெனிகள கூப்பிட்டு ஒவ்வொரு வகை உணவுக்கும் இவ்வளவுக்கு மேல உப்பு கூடாதுன்னு இலக்கு வெச்சுது. கொஞ்சம் கொஞ்சமா குறைச்சதால நாக்குக்கு வித்தியாசமே தெரியல. சிறுநீர் சோதனைல ஒரு நாளைக்கு சராசரி உப்பு 2001 வாக்குல 9.5 கிராம், 2011ல 8.1 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்ற 5 கிராமுக்கு இன்னும் தூரம்தான், ஆனாலும் பாடம் எடுக்கறத மட்டும் நம்பாம ஒரு நாட்டோட நாக்கையே இறக்கினாங்க. பின்னாடி சர்க்கரை பானத்துக்கு அங்க வரி வந்தப்பவும் இதே கதை, 2016ல அறிவிச்சாங்க, 2018 ஏப்ரல்லதான் அமலுக்கு வந்துச்சு, 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் கீழ இருந்தா வரி இல்லன்னதும் நடுவுல இருந்த ரெண்டு வருஷத்துலயே நிறைய கம்பெனி சர்க்கரைய குறைச்சுடுச்சு. அந்த மாதிரி முடிவு உங்க ரிசர்ச்ல வந்துச்சுன்னா உங்க டார்கெட் ஆடியன்ஸ் சாப்பிடறவங்க இல்ல, கேன்டீன் மேனேஜர், சாமான் வாங்கற அதிகாரி, கம்பெனி ஆளுங்க. அவங்ககிட்டயும் இதே ரிசர்ச்ச பண்ணணும், அவங்களுக்கு என்ன பயம், என்ன லாபம்னு.

படிக்கறப்ப கொஞ்சம் ஜாக்கிரதையாவும் இருங்க. தட்டு சின்னதா இருந்தா கம்மியா சாப்பிடுவாங்க, பழத்துக்கு அழகான கிண்ணம் வெச்சா பிள்ளைங்க எடுப்பாங்கன்னு நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க, அந்த மாதிரி பிரபலமான முடிவுகள் நிறைய வந்தது கார்னெல் பல்கலைக்கழகத்துல பிரையன் வான்சிங்க் ஆய்வகத்துலேர்ந்து. 2018 செப்டம்பர்ல ஜாமாங்கற மருத்துவ ஆய்விதழ் குழுமம் அவரோட 6 கட்டுரைய ஒரே நாள்ல வாபஸ் வாங்குச்சு, பல்கலைக்கழகம் ஆராய்ச்சி முறைகேடுன்னு சொல்லுச்சு, அவர் ராஜினாமா பண்ணார். இன்னிக்கும் அந்த முடிவுகள் பிரசன்டேஷன்ல சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. உங்க டீம்ல யாராவது தட்ட மாத்தினா போதும்னு ஆரம்பிச்சா, எந்த ஆராய்ச்சின்னு ஒரு தடவை கேட்டுடுங்க.

விளம்பரமே வேண்டாம்னு நான் சொல்லல, தப்பா எடுத்துக்காதீங்க. மேற்கு ஆஸ்திரேலியால 2002லேர்ந்து 2005 வரைக்கும் ஒரு கேம்பெயின், பழம் 2, காய் 5ன்னு தனித்தனியா இலக்கு சொல்லி டிவிலயும் கடைலயும் ஓட்டினாங்க, மூணு வருஷமும் சர்வே எடுத்து கண்காணிச்சுக்கிட்டே இருந்தாங்க. ஒரு நாளைக்கு சராசரியா 0.8 பங்கு ஏறுச்சு, அதுல 0.6 காய்கறி, 0.2தான் பழம். சின்ன நம்பர் மாதிரி தெரியும், ஆனா ஒரு மாநிலமே சராசரியா முக்கால் பங்கு கூட சாப்பிடுதுன்னா சாதாரண விஷயம் இல்ல. இதுவும் மக்கள் வாயால சொன்ன கணக்குதான், நான் மேல சொன்ன சந்தேகம் இதுக்கும் பொருந்தும், அதயும் சேர்த்தே சொல்லிடறேன். மூணு வருஷம்ங்கறதயும் கவனிங்க, ஒரு மாசம் ஓட்டிட்டு சங்க ஊதியாச்சுன்னு போயிடல.

வீடியோ எடுக்கறதுக்கு முன்னாடி அத சோதிங்க, இதுக்கு பெரிய செலவே இல்ல. ஸ்கிரிப்ட்ட, இல்லன்னா பென்சில்ல வரைஞ்ச படத்த எடுத்துக்கிட்டு டார்கெட் ஆளுங்க பத்து பேர்கிட்ட காட்டுங்க. பிடிச்சிருக்கான்னு மட்டும் கேக்காதீங்க, எல்லாரும் பிடிச்சிருக்குன்னுதான் சொல்லுவாங்க. இது உங்கள என்ன செய்யச் சொல்லுதுன்னு கேளுங்க, இது யாருக்காக எடுத்ததுன்னு கேளுங்க. எனக்கு இல்ல, வேற யாருக்கோன்னு மூணு பேர் சொன்னா ஸ்கிரிப்ட்ட கிழிச்சுடலாம்.

கடைசியா நீங்க கேட்ட கம்மி பட்ஜெட். ஒருத்தர் முழு நேரமா, இன்னொருத்தர் பாதி நேரமா இருந்தா ஒரு மாசத்துல உருப்படியா பண்ணிடலாம். முதல் வாரம் யார்கிட்டயும் ஒண்ணும் கேக்காம போய் பாருங்க, எண்ணுங்க, எது விக்குது, எது தீருது, எது மிஞ்சுது, எது குப்பைக்குப் போகுது. இந்த நம்பர பத்திரமா வெச்சுக்குங்க, இதுதான் உங்க ஆரம்பப் புள்ளி, பின்னாடி எவ்வளவு காசு கொடுத்தாலும் இந்த நம்பர் திரும்பக் கெடைக்காது, நிறைய கேம்பெயின் இந்த இடத்துலதான் கோட்டை விடுது. ரெண்டாவது மூணாவது வாரம் அந்த 90 பேர். நாலாவது வாரம் கெடைச்ச யோசனைல ரெண்ட எடுத்து பத்து பேர செஞ்சு பாக்கச் சொல்லுங்க. முடிஞ்சா ஒப்பிடறதுக்கு நீங்க கையே வைக்காத இன்னொரு இடத்தயும் எண்ணிக்கிட்டே இருங்க, இல்லன்னா சீசன் மாறினதால காய்கறி அதிகமா வித்தத உங்க சாதனைன்னு நம்பிடுவீங்க. கேம்பெயின் முடிஞ்ச ஆறாவது மாசம் திரும்ப எண்ணறதுக்கு இப்பவே ஒரு சின்னத் தொகைய ஒதுக்கி, வேற யாரும் தொட முடியாத மாதிரி தனியா எழுதி வைங்க, ஏன்னா வீடியோ எடுக்கற ஆள் முதல்ல கைய வைக்கறது அதுலதான்.